தீர்மானமும் கிணறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1920 முதல் 1937 வரையிலான சென்னை மாகாண சட்டசபைதான் என் தலைப்பு. போன மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் கொண்டுவந்த தீர்மானத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். பதினைந்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தொடக்க விழா நீண்டுபோனதால் ஆறாவது நிமிடத்தில் மணி அடித்துவிட்டார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. லண்டனில் நாடாளுமன்ற வரலாற்றுக்கென்றே கருத்தரங்குகள் தொடர்ந்து நடக்கின்றன, ஆங்கிலத்தில் எழுதி வெளியே அனுப்பு என்கிறார் என் நெறியாளர். எந்த மொழியில் எழுதுவது? எந்தக் கோட்பாட்டு நூல்களைப் படிப்பது? இப்படிப்பட்ட கருத்தரங்குகளுக்குப் போவதில் பயன் இருக்கிறதா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

த.

*

அன்புள்ள த.,

இரண்டு வாரமாக என் மேசையில் 1924-தான் கிடக்கிறது. பழைய குறிப்பேடுகளை எடுத்துப் படியெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் உடனே எழுதுகிறேன்.

தமிழில் எழுதுங்கள், அப்புறம் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கோட்பாட்டு நூல்களின் பட்டியலை உங்கள் நெறியாளரே தருவார். மணி அடித்த விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரவெல்லாம் பேருந்தில் வந்து இறங்கும் ஆய்வு மாணவருக்கு ஆறு நிமிடம், பொன்னாடைக்கு ஒன்றரை மணி நேரம். பணம் கட்டினால் கட்டுரை தொகுப்பில் வரும், ஐ.எஸ்.பி.என். எண்ணும் சான்றிதழும் கிடைக்கும். இதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் போங்கள். எனக்கு வழி காட்டியவர் இப்படி ஒரு கருத்தரங்கின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருடம் இருக்கும். ஒரு தலைவரின் சட்டமன்றப் பேச்சைப் பற்றி நான் உணர்ச்சியோடு பேசி முடித்திருந்தேன். சட்டைப்பையில் இரண்டு பென்சிலோடு ஒரு பெரியவர் எழுந்தார். சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, அந்தப் பேச்சுக்கு அமைச்சர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பேச்சைத் தொகுப்பு நூலிலிருந்து எடுத்திருந்தேன், அவைக்குறிப்பைத் திறந்தே பார்க்கவில்லை. தேநீர் இடைவேளையில் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நாங்க சிரிப்புன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதுவோம். யார் சிரிச்சாங்கன்னு எழுத மாட்டோம். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை."

அடுத்த வாரமே நூலகத்துக்குப் போய் அந்த அவைக்குறிப்புத் தொகுதிகளைக் கேட்டேன். தொட்டால் விளிம்பு உதிர்கிற தாள்கள். அந்த வாசிப்பு இன்றுவரை நிற்கவில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "1924 ஆகஸ்ட் 22 அன்று இத்தீர்மானம் நிறைவேறியது. அதனால் பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் திறக்கப்பட்டன."

இந்த 'அதனால்' எங்கிருந்து வந்தது? 'திறக்கப்பட்டன' என்றால் திறந்தது யார்? எந்த ஊரில், எந்தக் கிழமையில்? ஒரு ஊரின் பெயரைச் சொல்லுங்கள், போதும். உங்களால் முடியாது, ஏனென்றால் நீங்கள் தேடவில்லை. தீர்மானம் நிறைவேறிய பக்கத்தோடு தொகுதியை மூடிவிட்டீர்கள்.

அந்தத் தீர்மானம் என்ன சொன்னது என்பதைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகத்துக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் சாதி இந்துக்கள் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் போகலாம். அரசிதழிலும் வெளியானது. கொண்டுவந்தவர் தேர்தலில் வென்று வந்தவர் அல்ல, அரசு நியமித்த உறுப்பினர். அன்றைய ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நியமனத்தின் வழியாகத்தான் அந்த அவைக்குள் இடம். பின்னால் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவ்வளவு பெரிய மனிதர் எழுந்து நின்று, பொதுச் சாலையில் நடக்க எங்களுக்குத் தடையில்லை என்று எழுதிக்கொடுங்கள் எனக் கேட்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் உங்கள் கட்டுரை கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதே 1924-ன் நவம்பரில், பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழா சமயத்தில் அக்கிரகாரத் தெருவுக்குள் போன ஈழவர்கள், தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட வகுப்பினர், விரட்டப்பட்டார்கள். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதாவது உங்கள் தீர்மானம் செல்லுபடியாகிற மண். தீர்மானத்துக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதைப் பற்றிச் சபையில் கேள்விகள் எழுந்தன. உங்கள் கட்டுரையில் கல்பாத்தி என்ற பெயரே இல்லை.

பக்கத்திலிருந்த திருவிதாங்கூரையும் சேர்த்துப் பாருங்கள். வைக்கம் போராட்டம் 1924 மார்ச் 30-ல் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லும் தீர்மானம் அந்த சமஸ்தானத்துச் சட்டசபையில் 1925 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கில் தோற்றது. சென்னையில் நிறைவேறியது, திருவனந்தபுரத்தில் தோற்றது. ஆனால் தெருவில் நடக்கப்போனவனுக்கு இரண்டு இடத்திலும் என்ன வித்தியாசம் தெரிந்தது? இதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. கையில் வைத்துக்கொண்டே லண்டனைத் தேடுகிறீர்கள்.

லண்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1834 அக்டோபர் 16-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தது. கணக்குக்காகப் பயன்பட்ட பழைய மரக்குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்ததில் பிடித்த தீ. மக்கள் சபையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அன்று சாம்பலானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலோ விவாதங்களை அச்சிடுவதே குற்றம். 1740-களில் சாமுவேல் ஜான்சன் ஒரு பத்திரிகைக்கு நாடாளுமன்ற உரைகளை எழுதினார், அநேகமாக அவைப்பக்கம் போகாமலே, பிறர் கொண்டுவந்த குறிப்புகளை வைத்து. அங்குள்ள ஆய்வாளர்கள் இந்தக் கிழிசல்களையும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஒட்டவைத்து யார் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு அச்சிட்ட தொகுதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. திறக்க ஆள் இல்லை. எனக்கு இது ஆறவே ஆறாத மனவருத்தம்.

எங்கள் ஊரில் ஒரு பொதுக்கிணறு இருந்தது. பஞ்சாயத்துக் கிணறு, யாருடைய சொந்தமும் அல்ல. கருங்கல் சுற்றுச்சுவரில் கயிறு தேய்த்துத் தேய்த்து விரல் நுழைகிற ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்கும். 1968 வாக்கில் எனக்குப் பத்து வயது. காலையில் அம்மாவுக்காகத் தண்ணீர் இறைக்கப் போவேன். கிணற்று மேடைக்குக் கீழே, பத்தடி தள்ளி, நான்கைந்து பெண்கள் மண்பானையோடும் தகரக் குடத்தோடும் நிற்பார்கள். மேடையில் ஏற மாட்டார்கள். இறைக்கிறவர்களில் யாருக்காவது மனம் வந்தால் ஒரு வாளி ஊற்றுவார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். வாளி பானையில் படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாதித் தண்ணீர் மண்ணில் சிந்தும். என் அம்மா வயதில் ஒரு பெண், "போதும் சாமி" என்பார். பத்து வயதுப் பையனைப் பார்த்து.

தீர்மானம் நிறைவேறி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் நாடு சுதந்திரம் பெற்றது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950-ல் நடைமுறைக்கு வந்தது, அதைக் குற்றமாக்கிய சட்டம் 1955-ல் வந்தது. எனக்கு இவை எதுவும் தெரியாது. அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்குமா என்றும் எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து நூலகத்தில் உட்கார்ந்து, கிணறு, குளம் என்று அந்தத் தீர்மானத்தில் படித்தபோது என் கையில் வாளியின் கனம் திரும்பி வந்தது. அன்று அதற்கு மேல் படிக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த 'அதனால்' என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். நீங்கள் தீர்மானத்தைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. அது பெரிய காரியம். 'எங்களுக்கு உரிமை உண்டு, அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது' என்று சொல்வதற்கு ஒரு தாள் கிடைத்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்த ஊரில் யார் கிணற்றடிக்குப் போனார்கள், அடி வாங்கினார்கள், வழக்குப் போட்டார்கள் என்பதை நீங்கள் எழுத வேண்டும்.

1925, 1926 தொகுதிகளில் கேள்வி-பதில் பகுதியை வரிசையாகப் படியுங்கள். பெரிய பேச்சுகளை விட்டுவிடுங்கள், அவற்றைப் படிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ஊரில் இப்படி நடந்தது உண்மையா, அரசுக்குத் தெரியுமா, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று நியமன உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள். பதில் ஒன்றரை வரிதான் இருக்கும். அந்த ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆவணங்களுக்குப் போங்கள், பிறகு அந்த ஊர்களுக்கே போங்கள். வயதானவர்களைக் கேளுங்கள். கிணறு தூர்ந்திருந்தாலும் அது யாருடைய கிணறு, எதுவரை யார் வரலாம் என்று இன்னும் சொல்வார்கள்.

நூலகத்துக்குப் பென்சில் எடுத்துப்போங்கள், பேனாவை உள்ளே விடாத இடங்கள் உண்டு. மூக்குக்கு ஒரு துணியும் வேண்டும், அந்தத் தூசி பொல்லாதது. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். நான்காம் பக்கத்தைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள், எத்தனை பக்கம் ஆனாலும் படிக்கிறேன்.

அன்புடன்.