துருவுக்கு டிரைக்கோடெர்மா அடிக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் மூன்று ஏக்கர் அராபிகா காபி. இலையின் அடியில் மஞ்சள் பொடி பிடித்து இலை கொட்டுகிறது. போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியை விட்டுவிட்டு, உயிர் மருந்தான டிரைக்கோடெர்மா பூஞ்சையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் கலந்து இலையில் அடிக்கச் சொல்கிறார் ஒரு மருந்து ஏஜென்ட். சில இலைகளில் அந்தப் பொடி மேலேயே வெள்ளைப் பூசணம் படிந்திருக்கிறது. இது வேறு நோயா? நான்கைந்து செடிகள் வாடியும் நிற்கின்றன.

பதில்: அந்த மஞ்சள் பொடி, துரு என்னும் பூஞ்சை நோய். அதன் மேல் படிந்த வெள்ளைப் பூசணத்துக்குப் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் துருவைத் தின்கிற பூஞ்சைதான். வெர்டிசீலியம் லெக்கானி என்று கடையில் கிடைப்பதும் இதுவே. காபியில் சாறு உறிஞ்சும் பச்சை செதில் பூச்சியையும் கொல்லும். மெக்சிகோவின் சியாபாஸ் காபித் தோட்டங்களில், எறும்புகள் காவல் காக்கும் செதில் பூச்சிக் கூட்டத்தில் இது பெருகி, துருவின் மீதும் ஏறுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் துரு முற்றிப் பொடி விட்ட பிறகுதான் இது வந்து சேரும். அந்த இலை அதற்குள் போய்விட்டது. இருந்தால் நல்லது, இதை மட்டும் நம்பி ஒரு மழைக்காலத்தைக் கடக்க முடியாது.

டிரைக்கோடெர்மா மண்ணில் வாழ்வது. வேரைச் சுற்றி இருந்து, வேரழுகல் பூஞ்சைகளோடு மல்லுக்கு நிற்கும். துருவோ ஈர இலையின் அடிப்பக்கத் துளை வழியாக உள்ளே புகுந்து, உயிருள்ள திசுவை உறிஞ்சி வளர்வது. அங்கே டிரைக்கோடெர்மாவுக்கு வேலையில்லை. சூடோமோனாஸ் நாற்றங்காலில் உதவலாம், தோட்டத்தில் அதன் பலன் ஒரே சீராக இல்லை. 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காபியையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட பூஞ்சை இந்தத் துரு. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு போர்டோவை நிறுத்தாதீர்கள். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 200 லிட்டர். பூப்பதற்கு முன்பும் பருவமழைக்கு முன்பும், இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். கலவையில் அரிவாளை நனைத்துப் பாருங்கள்; செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை.

வாடிய செடிகள் விஷயம் வேறு, டிரைக்கோடெர்மாவுக்கு இடம் அங்கேதான். ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால், பக்கத்தில் வெட்டிய நிழல்மரத்தின் அடிக்கட்டை மட்கிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். நோய் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும். கட்டையையும் செத்த செடியையும் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். சுற்றி ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுங்கள். ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை நூறு கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் வைத்து, பக்கத்து நல்ல செடிகளின் தூரில் இடுங்கள். மக்கிய உரமாக இருக்கட்டும். பச்சைச் சாணம் வேண்டாம். வெயிலில் காய விடாதீர்கள். உரம் இட்ட இடத்தில் பூஞ்சைக்கொல்லி ஊற்றாதீர்கள். தாமிரம் நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பார்க்காது. பட்டுப்போன செடியை இதனால் எழுப்ப முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி உயிர் மருந்து பாக்கெட். உள்ளே இருப்பது உயிர். தகரக் கூரைக்குக் கீழே கோடை முழுக்கக் கிடந்தால் மிஞ்சுவது அதைச் சுமந்த டால்க் பவுடர்தான். மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, ஒரு கிராமுக்கு எத்தனை உயிரணு என்ற விவரம், இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். பத்து நுண்ணுயிர் ஒரே டப்பாவில் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். உயிர் மருந்து என்று சொல்லி ரசாயனம் கலந்து விற்பதும் நடக்கிறது. இயற்கை விவசாயச் சான்று வாங்கியவர் பிடிபட்டால் சான்று போகும், ஏஜென்ட் ஊரில் இருக்க மாட்டார். அவரிடம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ரசீது கேளுங்கள். அதோடு நடையைக் கட்டுவார்.

அதிகாரிகளிடம் கேட்கலாமே என்பீர்கள். காபி மத்திய வணிக அமைச்சகத்தின் வாரியத்தில், ஊடே நிற்கும் மிளகும் வாழையும் மாநிலத் தோட்டக்கலைத் துறையில். ஒரே தோட்டத்துக்கு இரண்டு வாசல்; இரண்டிலும் "அங்கே போங்க" என்பார்கள். மானியப் பாக்கெட் வருவதற்குள் மழை முடிந்துவிடும். நீங்கள் காத்திருக்காமல், தோண்டிய வேரையும் துருப்பிடித்த இலையையும் தாளில் சுற்றி, தாண்டிக்குடியில் உள்ள காபி ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே வேர்த்து அழுகிவிடும்.