ஸ்கூட்டர் கொதிக்கிறது: எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது?

கேள்வி: என்னுடையது ஐந்து வருடம் ஓடிய லிக்விட் கூல்டு ஸ்கூட்டர். சிக்னலில் நாலைந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் அணைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்” என்கிறார். இன்னொருவர், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவருக்கும் இப்போதே சரி சொல்லிவிடாதீர்கள். நின்றால் சூடு, ஓடினால் சரி என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஓடும்போது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுற்றிவரும் ரேடியேட்டரை எதிர்க்காற்று குளிர்விக்கும். நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன். ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. அது போன வண்டி பெரும்பாலும் மேடு ஏறினாலும் வேகமாகப் போனாலும் சூடாகும், சிக்னலுக்காகக் காத்திருக்காது.

ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் அது முன்பக்க கவருக்குள், எலக்ட்ரிக் ஃபேனோடு இருக்கும். ஹோண்டா பிசிஎக்ஸ், யமஹா என்மேக்ஸ், ஏரோக்ஸ் 155 போன்றவற்றில் இன்ஜினின் வலது பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். அதன் ஃபேன் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். இன்ஜின் ஓடும்வரை அதுவும் ஓடும். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று அதற்கு எதுவும் கிடையாது. அந்த வகை வண்டிக்கு யாராவது ஃபேன் ரிலேவுக்கு பில் போட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதில் பார்க்க வேண்டியது உடைந்த ஃபேன் இறக்கையும், தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் ரேடியேட்டரில் அப்பிக்கொள்ளும் சேறும்தான்.

உங்களுடையது எலக்ட்ரிக் ஃபேன் என்றால், சென்டர் ஸ்டாண்டு போட்டு இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். கூலன்ட் சுமார் 100 டிகிரியைத் தொடும்போது, அதாவது விளக்கு எரிவதற்கு முன்பே, ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ஃபேன் கனெக்டரைப் பிரித்து, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். விரலை இறக்கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சுற்றினால் மோட்டார் சரி, கோளாறு ரிலேவிலோ சுவிட்சிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுற்றாவிட்டாலும், முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினாலும் தண்ணீர் புகுந்து மோட்டார் துருப்பிடித்திருக்கலாம். பழைய மாடல்களில் ரேடியேட்டரிலேயே இரண்டு ஒயர் கொண்ட தெர்மோ சுவிட்ச் இருக்கும். இக்னிஷனை ஆன் செய்து அந்த இரண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரான இசியு ஃபேனைக் கட்டுப்படுத்தும் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். அதை ஸ்கேனர் உள்ள இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் சூடு குறையவில்லை என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை, அதாவது ஃபின்களைப் பாருங்கள். என் வண்டி ஒருமுறை இப்படி அடம்பிடித்தபோது பெரிய செலவுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு முன் கவரைக் கழற்றினேன். ரேடியேட்டர் முகத்தில் ஒரு பாலித்தீன் பை அழகாக ஒட்டியிருந்தது. சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகச் சாதாரண குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய ஃபின்கள் மடங்கி, காற்று போகும் வழி நிரந்தரமாக அடைபடும்.

அப்புறம் கூலன்ட் அளவு. ரிசர்வ் டேங்க்கில் கோடு வரை இருக்கிறதே என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரேடியேட்டர் மூடியின் வால்வு கெட்டிருந்தால், சூட்டில் டேங்க்குக்கு வந்த கூலன்ட் ஆறிய பிறகு திரும்பிப் போகாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் வண்டி எடுக்கும் முன், மூடியைத் திறந்து கழுத்துவரை கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. அது குக்கர் மாதிரி: உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் முகத்துக்கு வரும். அதே காரணத்தால்தான், அழுத்தத்தைப் பிடிக்காத பழைய மூடி ஒன்றே வண்டியைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினை இறக்குவதற்கு முன் மாற்றிப் பார்க்க வேண்டிய மலிவான பொருள் அது. மாடலுக்கான அழுத்த அளவுள்ளதாக வாங்குங்கள். அழுத்தம் கூடுதலான மூடி நல்லதென்று விற்றால் வேண்டாம், ஹோஸ் வெடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடு தொடர்ந்தால் கேஸ்கெட் பேச்சுக்கு வரலாம். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைவது, இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருவது, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுப்பது, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வருவது, இவைதான் அடையாளம். ஆயில் மட்டும் வெளுத்திருந்தால் அது வாட்டர் பம்ப் சீலாகவும் இருக்கலாம், குறுகிய தூரமே ஓட்டும் வண்டியில் வெறும் ஈரமாகவும் இருக்கலாம். கூலன்ட்டில் இன்ஜினுக்குள் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நீல திரவச் சோதனை உண்டு. கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். “அதை என் கண் முன்னால் செய்து காட்டுங்கள், பிறகு இறக்கலாம்” என்று அந்த மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சோதனைக்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கடைசியில் இறக்கவே வேண்டியதானால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே புது கேஸ்கெட் போட வேண்டும். அதைச் செய்யாமல் போட்டால் சில மாதத்தில் அதே வேலை மறுபடி வரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு அது. மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஓடும்போதும் சூடாகும், ஒரு ஹோஸ் கொதிக்க, ரேடியேட்டர் சில்லென்று இருக்கும். கழற்றிப் பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கினால், அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும்.

கேள்வி: கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றலாமா? கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று வைத்திருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. நிறம் என்பது கம்பெனி கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனம் உண்டு. பொருந்தாத இரண்டைக் கலந்தால் துருத் தடுப்பு கெடும், சில சமயம் கூழாகிக் குழாயை அடைக்கும். மேனுவலில் சொன்ன வகையையே வாங்குங்கள். அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது என்றும், சிலிக்கேட் இல்லாதது என்றும் லேபிளில் இருந்தால் பல ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும். சிலிக்கேட் பம்ப் சீலை அரிக்கும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கேனில் “ரெடி டு யூஸ்” என்றிருந்தால் அப்படியே ஊற்றலாம். “கான்சன்ட்ரேட்” என்றிருந்தால் பொதுவாகச் சம பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். சிலர் பலமாக இருக்கட்டும் என்று கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுகிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கான்சன்ட்ரேட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் அதிகமானால் குளிர்விக்கும் திறன் குறையும்.

குழாய்த் தண்ணீர் உப்புப் படிய வைக்கும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் ஊற்றி வீடு போய்ச் சேருங்கள். பிறகு முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள். ஆனால் அடிக்கடி டாப்-அப் செய்ய வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அங்கே கூலன்ட் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த புண்ணியவான்களும் உண்டு. அடைத்தால் கூலன்ட் ஆயிலுக்குள் போகும். லீக்கை அடைக்கும் பொடியும் திரவமும் ஸ்கூட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும், வாங்காதீர்கள்.

கேள்வி: கூலன்ட் மாற்றிய மறுநாளிலிருந்து வண்டி சூடாகிறது. முன்பு எந்தப் பிரச்சினையும் இல்லை.

பதில்: உள்ளே காற்று மாட்டியிருக்கும். மாற்றிய இடத்துக்கே கொண்டுபோய் ஏர் எடுக்கச் சொல்லுங்கள், தனிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அது கூலன்ட் மாற்றும் வேலையிலேயே அடக்கம். பிளீட் ஸ்க்ரூ உள்ள வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விட வேண்டும். இல்லாத வண்டியில் ஆறிய இன்ஜினை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, மட்டம் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். முன்பக்க ரேடியேட்டரிலிருந்து பின்பக்க இன்ஜின் வரை நீளமாகக் குழாய் ஓடும் வண்டிகளில் இதற்குப் பொறுமை வேண்டும். பத்து நிமிடத்தில் முடித்தேன் என்றால் முடிக்கவில்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு லிக்விட் கூல்டு ஸ்கூட்டர் பார்த்திருக்கிறேன். முன்பு சூடாகி நின்ற வண்டியா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். போகும் முன் போன் செய்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மூடியைத் திறக்க முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர் இருந்தால் கூலன்ட்டே ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய் மிதந்தால் வாங்க வேண்டாம். இக்னிஷன் ஆன் செய்ததும் டெம்பரேச்சர் விளக்கு ஒரு நொடி எரிந்து அணையும் மாடலா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட மாடலில் எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பிறகு பதினைந்து நிமிடமாவது ஐட்லிங்கில் நிறுத்துங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில், அது தானாக ஓடி, தானாக நிற்பதைப் பார்த்த பிறகு விலை பேசலாம்.