பெல்மான்ட் 1978: அந்த ஒரு தலை வித்தியாசம் (கேள்வி-பதில்)

அஃபர்ம்ட், அலிதார் என்ற இரண்டு அமெரிக்கப் பந்தயக் குதிரைகள் பற்றிப் போன முறை போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் படித்தால், பந்தயம் முடிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று நம்பவே முடியவில்லை. பாதிப்பேர் அஃபர்ம்ட் கட்சி, பாதிப்பேர் அலிதார் கட்சி. நடுவில் நிற்க ஆளே இல்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: சார், எனக்கு இந்தப் போட்டி பற்றி எதுவும் தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், அப்புறம் நானும் சண்டையில் சேர்ந்துகொள்கிறேன்.

1978 ஜூன் 10, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களைச் சேர்த்து டிரிபிள் கிரவுன் என்பார்கள்; மூன்றையும் ஜெயிக்கிற குதிரைக்குத்தான் அந்தப் பட்டம். கென்டக்கி டெர்பி, பிரீக்னஸுக்கு அப்புறம் வரும் பெல்மான்ட்தான் மூன்றாவது, மூன்றிலும் நீளமானது. 12 ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்), நம் இந்தியன் டெர்பியின் 2400 மீட்டரோடு ஒரு 14 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடியவை ஐந்தே குதிரைகள். அதில் மூன்றை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதற்கு முந்தைய ஐந்து வாரத்தில் கென்டக்கி டெர்பியை அஃபர்ம்ட் ஒன்றரை லென்த்தில் (ஒரு லென்த் என்றால் ஒரு குதிரை நீளம்) ஜெயித்திருந்தது, பிரீக்னஸை ஒரு கழுத்தில். இரண்டிலும் இரண்டாவது அலிதார். பெல்மான்டில் வித்தியாசம் ஒரு தலை. நேரம் 2 நிமிடம் 26.8 விநாடி. அஃபர்ம்ட் 11-வது டிரிபிள் கிரவுன் குதிரை ஆனது. 12-வது வர 37 வருஷம் ஆனது, 2015-ல் அமெரிக்கன் ஃபரோ. அலிதாருக்கும் ஒரு சாதனை உண்டு, யாரும் ஆசைப்படாத சாதனை: மூன்று பந்தயத்திலும் இரண்டாவதாக வந்த ஒரே குதிரை.

கே: ஒன்றரை லென்த், கழுத்து, தலை. இடைவெளி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இன்னும் நூறு மீட்டர் இருந்திருந்தால் அலிதார்தானே?

எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதுதான். பார்க்க அழகான கணக்கு. ஆனால் தூரம் 10, 9½, 12 ஃபர்லாங் என்று போகிறது. தூரம் கூடக் கூட அலிதார் நெருங்கியது என்றால், டெர்பியைவிடக் குட்டையான பிரீக்னஸில் இடைவெளி கூடியிருக்க வேண்டும். குறைந்தது.

பெல்மான்ட் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நேர்ப்பாதையின் நடுவில் அலிதார் மூக்கை முன்னால் நீட்டிவிட்டது என்று அன்று பார்த்தவர்கள் பலர் சத்தியம் செய்வார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கிருந்து வின்னிங் போஸ்ட் வரை தலையளவு திரும்பப் பிடித்தது யார்? அஃபர்ம்ட். கோட்டைத் தொடும்போது முன்னேறிக்கொண்டிருந்த குதிரை அலிதார் கிடையாது. கூட நூறு மீட்டர் கொடுத்தாலும் எனக்கு அஃபர்ம்ட்தான். அலிதார் ரசிகர்கள் மன்னிக்கவும்.

கே: செக்ரெட்டேரியட் 1973-ல் இதே பெல்மான்டை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடியது. 31 லென்த் வித்தியாசம். அப்புறம் இந்த 2:26.8-ஐப் போய் ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அன்றைய பந்தயத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் கடைசி இரண்டு ஃபர்லாங்கைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு முறை முதல் நாலு ஃபர்லாங்கைப் பாருங்கள். அஃபர்ம்ட் மேல் இருந்த ஸ்டீவ் காத்தனுக்கு அன்று வயது 18. முன்னால் போக யாருக்கும் ஆசையில்லை என்று தெரிந்ததும் தானே முன்னால் போய், பந்தயத்தைத் தூங்க வைத்துவிட்டார். முதல் கால் மைல் 25 விநாடி. அரை மைல் 50. முக்கால் மைல் 1:14. செக்ரெட்டேரியட் அதே இடங்களைக் கடந்தது 23.6, 46.2, 1:09.8-ல். முக்கால் மைலுக்குள்ளேயே நாலு விநாடிக்கு மேல் வித்தியாசம். டிரிபிள் கிரவுன் பந்தயம் என்ற பேரில் காலை வேளைப் பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது.

அலிதாரின் ஜாக்கி ஹோர்ஹே வெலாஸ்கஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அரை மைல் தாண்டியதும் கிளம்பி வந்து வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டார். அங்கிருந்து இரண்டும் வண்டியில் பூட்டிய ஜோடி மாதிரி ஓடின. நாலாவது கால் மைல் 23.4 விநாடி, ஐந்தாவது 24.2, கடைசி 25.2. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: கடைசி ஒரு மைலை அஃபர்ம்ட் 1:36.8-ல் ஓடியிருக்கிறது. செக்ரெட்டேரியட்டின் கடைசி ஒரு மைல் 1:37.8.

உடனே அஃபர்ம்ட்தான் பெரிய குதிரை என்று கிளம்பிவிடாதீர்கள். செக்ரெட்டேரியட் முதல் அரை மைலிலேயே செலவழித்துவிட்டு அதற்கு மேல் அந்த மைலை ஓடியது. இவை சேமித்துவைத்து ஓடின. ஆனால் 2:26.8 என்ற மொத்த நேரத்தை மட்டும் பார்த்து மெதுவான பந்தயம் என்பவர்களுக்கு இந்த ஒரு மைல் பதில் சொல்லும்.

கே: அப்படியென்றால் தப்பு வெலாஸ்கஸ் மேல்தானே? கடைசி வரை காத்திருந்து பாய்ந்திருக்கலாமே.

பாவம் அந்த மனிதர். டெர்பியில் வெகு தூரம் பின்தங்கிக் காத்திருந்தார். சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டும் என்றார்கள். பெல்மான்டில் சீக்கிரம் கிளம்பினார். காத்திருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

அரை மைல் 50 விநாடியில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தால், முன்னால் போகிற குதிரைக்கு நீங்களே விசிறி வீசுகிற மாதிரி. அஃபர்ம்ட் களைப்பே இல்லாமல் நேர்ப்பாதைக்கு வந்திருக்கும். வெலாஸ்கஸ் செய்ததைத்தான் நானும் செய்யச் சொல்லியிருப்பேன். குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் வேறு இடத்தில் சொல்லுங்கள்: அஃபர்ம்ட்டை முன்னால் நின்று விரட்ட, வேகம் கூட்டுவதற்கென்றே ஒரு குதிரையை இறக்கியிருக்கலாம். ஐந்து குதிரைப் பந்தயத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் காத்தன் இவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்க முடியாது.

இதே மருந்தை மூன்று மாதம் கழித்து அஃபர்ம்ட்டும் சாப்பிட்டது. செப்டம்பரில் மார்ல்போரோ கப், முந்தைய வருஷத்து டிரிபிள் கிரவுன் குதிரையான சியாட்டில் ஸ்லூ எதிரில். டிரிபிள் கிரவுன் வாங்கிய இரண்டு குதிரைகள் மோதியது அதுதான் முதல் தடவை. ஸ்லூ முன்னால் போனது, தன் இஷ்டத்துக்கு ஓடியது, மூன்று லென்த்தில் ஜெயித்தது.

கே: பெல்மான்டில் கடைசியில் காத்தன் விப்பை (சாட்டையை) கை மாற்றினார் என்று படித்தேன். அது அவ்வளவு பெரிய விஷயமா?

அமெரிக்காவில் இடப்பக்கமாக வளைந்து ஓடுவார்கள். உள்ளே ரெயிலை, அதாவது தடத்தின் வேலியை, ஒட்டி அஃபர்ம்ட், அதன் வலப்பக்கத்தில் அலிதார். அலிதார் எவ்வளவு ஒட்டி ஓடியது என்றால், காத்தனின் வலது கையில் இருந்த விப்பை வீச இடமே இல்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம், கடிவாளத்தை விடக்கூடாது, பக்கத்துக் குதிரையின் மூச்சு முழங்காலில் படுகிறது. அந்த நிலையில் விப்பை இடது கைக்கு மாற்றி அடித்தார். அதற்கு முன் அஃபர்ம்ட்டை அவர் இடது கையால் அடித்ததே இல்லை. குதிரைக்குப் புதுசு, திடுக்கிட்டுப் பாய்ந்தது.

அந்த அடிதான் ஜெயிக்க வைத்ததா என்றால், கொஞ்சம். நான் முதல் அரை மைலுக்கே அதிக மார்க் போடுவேன். ஆனால் 18 வயதுப் பையன் அந்த நெருக்கடியில் அதை யோசித்தான் பாருங்கள், அதற்குத் தனியாக ஒரு சபாஷ்.

கே: பெல்மான்டில் அலிதாரின் பிளிங்கர்ஸை (பக்கத்தில் பார்க்கவிடாமல் மறைக்கும் கண்பட்டையை) கழற்றியது ஏன்?

டிரெய்னர் ஜான் வீச் எடுத்த முடிவு. பக்கத்தில் ஓடும் அஃபர்ம்ட் கண்ணில் பட்டால் அலிதார் இன்னும் முறைக்கும் என்ற எண்ணம். அலிதார் முறைக்கத்தான் செய்தது. அஃபர்ம்ட் அதைவிட அதிகம் முறைத்தது, அவ்வளவுதான்.

கே: இரண்டும் சொந்தக்காரக் குதிரைகளாமே?

சொந்தம்தான், நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சிரிப்பு வரும். அலிதாரின் அப்பா ரெய்ஸ் எ நேட்டிவ். அதன் இன்னொரு பிள்ளை எக்ஸ்குளூசிவ் நேட்டிவ். அதன் பிள்ளை அஃபர்ம்ட். ஆக அலிதார், அஃபர்ம்ட்டுக்குச் சித்தப்பா முறை. இரண்டும் பிறந்தது 1975. அஃபர்ம்ட் பிப்ரவரியில், சித்தப்பா மார்ச்சில்!

கே: மொத்தத்தில் யார் எத்தனை? 7-3 என்கிறார்கள், 8-2 என்கிறார்கள்.

பத்து முறை மோதின. ஏட்டில் 7-3. இரண்டு வயதிலேயே ஆறு முறை; அதில் அலிதார் ஜெயித்தது கிரேட் அமெரிக்கனும் ஷாம்பெய்னும், மற்ற நாலும் அஃபர்ம்ட். அப்புறம் டிரிபிள் கிரவுனின் மூன்று. பத்தாவதுதான் தகராறு: 1978 ஆகஸ்ட், சரடோகாவில் டிராவர்ஸ் ஸ்டேக்ஸ். காத்தனுக்கு அடிபட்டிருந்ததால் லாஃபிட் பின்கே ஏறினார். எதிர்ப்புற வளைவுக்குப் போகும்போது அஃபர்ம்ட் உள்பக்கமாக வெட்டி வர, அலிதார் தடுமாறிப் பின்னால் விழுந்தது. அஃபர்ம்ட் ஒன்றேமுக்கால் லென்த்தில் முதலில் வந்தது. ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், அதைக் கீழே இறக்கி முதலிடத்தை அலிதாருக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறையில்லை, அது பச்சையான இடைஞ்சல். ஆனால் கடைசிச் சந்திப்பு இப்படியா முடிய வேண்டும் என்ற வருத்தம் இரண்டு கட்சிக்கும் உண்டு.

கே: நான் அலிதார் கட்சி. தோற்ற குதிரை மேல் ஜனங்களுக்கு ஏன் இத்தனை பாசம்? நீங்களே சொல்லுங்கள்.

டெர்பிக்கு முன் கீன்லேண்டில் நடந்த புளூ கிராஸ் ஸ்டேக்ஸ் ஒரு காரணம் என்பேன். அலிதாரின் சொந்தக்காரர்கள் காலுமெட் பண்ணையின் மார்க்கி தம்பதி. இருவருக்கும் தள்ளாமை, கேலரி ஏற முடியாது. ரெயில் ஓரமாக ஒரு வண்டியில் கூட்டிவந்து நிறுத்தினார்கள். பந்தயத்துக்கு முன் வெலாஸ்கஸ் குதிரையை அவர்கள் பக்கம் திருப்பி, ரெயில் வரை கொண்டுவந்து காட்டினார். அப்புறம் போய் 13 லென்த்தில் ஜெயித்தார். அதைப் பார்த்தவன் எவனும் அப்புறம் அஃபர்ம்ட் மேல் பணம் கட்டியிருக்கமாட்டான். டெர்பியில் ஃபேவரிட் அலிதார்தான், 6/5 (5 கட்டினால் லாபம் 6), அஃபர்ம்ட் 9/5.

கே: ஓட்டத்தை விட்டு இனப்பெருக்கத்துக்குப் போன பிறகு யார் ஜெயித்தது?

அலிதார், சந்தேகமே இல்லாமல். அதால் வாங்க முடியாத டெர்பியை அதன் பிள்ளைகள் அலிஷீபா 1987-லும் ஸ்டிரைக் த கோல்ட் 1991-லும் வாங்கின. பெல்மான்டை 1989-ல் ஈஸி கோயர் வாங்கியது, அதுவும் எட்டு லென்த்தில், சன்டே சைலன்ஸின் டிரிபிள் கிரவுனைக் கெடுத்து. அஃபர்ம்ட்டின் வாரிசுகள் புல்தரையில் நன்றாக ஓடின, ஃபிளாலெஸ்லி மாதிரி. ஆனால் அப்பாவின் இடத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அலிதாரின் சாவு பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 1990 நவம்பரில் காலுமெட் லாயத்திலேயே கால் முறிந்து, இரண்டு நாளில் போய்விட்டது. பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ். பண்ணை கடனில் முங்கியிருந்தது. மறு வருஷமே திவால். பண்ணையின் முன்னாள் தலைவருக்குப் பிற்பாடு வங்கி மோசடியில் தண்டனை கிடைத்தது. குதிரையைக் கொன்றதாக மட்டும் யார் மேலும் நிரூபணமாகவில்லை. அதற்கு மேல் நான் ஊகிக்க மாட்டேன்.

அஃபர்ம்ட்டும் எண்பதுகளின் பின்பகுதியில் அதே காலுமெட்டில்தான் இருந்தது. சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஒரே வீட்டில்! அஃபர்ம்ட் 2001 ஜனவரி வரை உயிரோடு இருந்தது. புதைக்கும்போது அதன் முதலாளிகளின் ரேஸ் சட்டையைப் போர்த்திப் புதைத்தார்கள், இளஞ்சிவப்பும் கறுப்பும்.

கே: காத்தன் பிறகு என்ன ஆனார்?

மறு வருஷம் கலிபோர்னியாவில் தொடர்ந்து 110 பந்தயம் தோற்றார். எடையும் ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்துக்குப் போனார், அங்கே ஜாக்கிகளுக்கு எடை வரம்பு கொஞ்சம் தாராளம். மூன்று முறை சாம்பியன் ஜாக்கி. 1985-ல் ஸ்லிப் ஆங்கர், 1987-ல் ரெஃபரன்ஸ் பாயின்ட் மேல் எப்சம் டெர்பி. கென்டக்கி டெர்பி, எப்சம் டெர்பி இரண்டையும் ஜெயித்த ஜாக்கி அவர் ஒருவர்தான். எப்சத்தில் அந்த இரண்டையும் எப்படி ஜெயித்தார் தெரியுமா? ஆரம்பத்திலேயே முன்னால் போய், தன் கணக்கில் ஓட்டி.

கே: சும்மா ஒரு சந்தேகம். அன்று மூன்றாவது வந்தது எது?

டார்பி கிரீக் ரோடு. 13 லென்த் பின்னால். இத்தனை வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.