தாவும் சிடிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பதையேதான் இந்த வாரக் கடிதங்களும் கேட்கின்றன. பழைய ரேடியோ, டேப் போலவே சிடி பிளேயரையும் பலர் இன்னும் கைவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நேராகக் கேள்விகளுக்கு வருகிறேன்.

திருவாரூர் வாசகர்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரப் பதிவுகள் உள்ள சிடி என்னிடம் இருக்கிறது. நாற்பது நிமிடம் ஓடிய பிறகு ஒரே இடத்தில் 'டக் டக்' என்று சிக்கி, அடுத்த ராகத்துக்குத் தாவிவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே கரகரப்பும் இருக்கிறது. தட்டு போய்விட்டதா?

நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு விஷயங்கள், ஐயா. கரகரப்பு சிடியின் குற்றம் அல்ல. பிள்ளையவர்கள் 1956இல் மறைந்தார். அவர் வாசித்த காலத்துப் பதிவுகள் பல, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கிராமபோன் தட்டுகளில் பிறந்தவை. முள் உரசிய ஒலியும் சேர்ந்தேதான் சிடிக்கு வந்திருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, போகவும் வேண்டாம். சிடியின் கோளாறு வேறு மாதிரி ஒலிக்கும்: ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும், அல்லது திடீரென்று மௌனம், அல்லது ஒரு பாய்ச்சல்.

ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் சிக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. பிளேயர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. தட்டின் ஓர் இடத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது அல்லது கீறியிருக்கிறது. இடம் மாறி மாறிச் சிக்கினால்தான் பிளேயரைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்த இடம் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். மையத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் பாட்டு தொடங்குகிறது. நாற்பதாவது நிமிடம் ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டரில் விழும். அளவுகோலை மையத்தில் வைத்து, அந்த வட்டத்தை மட்டும் டியூப் லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கை ரேகை, காபித் துளி, சாம்பிராணிப் புகையின் மங்கல் என்று எது இருந்தாலும் அங்கே தெரியும்.

அதைக் கழுவுவது எளிது. முதலில் விரலை எடுங்கள். தட்டை ஓரத்திலும் நடு ஓட்டையிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். டெல்டாவில், அதிலும் கடலோரத்தில், போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதை ஊற்றி மணலையும் தூசியையும் போக்குங்கள். உலர்ந்த தூசியோடு துடைத்தால் நாமே கீறிவிடுவோம். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள். அது இல்லையென்றால் நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும்.

துடைக்கும் திசைதான் மிக முக்கியம். மையத்திலிருந்து ஓரத்துக்கு, ஆரக்கால் போகும் திசையில் நேராக. சுற்றிச் சுற்றித் துடைக்கவே கூடாது. காரணம் இதுதான்: பாட்டு சுருள் கோடாக ஓடுகிறது. அந்தக் கோட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும், பதிவிலேயே பின்னி வைத்திருக்கும் உபரித் தகவலைக் கொண்டு பிளேயர் முழுமையாக ஈடுகட்டிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தை மட்டுமே தொடும், பிளேயர் சமாளித்துவிடும். கோட்டின் போக்கிலேயே விழும் கீறல் நீளமாகத் தின்றுவிடும், அங்கே தாவல்தான்.

கடைசியாக மீண்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசி, ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போகவில்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளலாம். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி மூன்றும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். குத்துவிளக்குத் துலக்குகிற விபூதியையும் தட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மன்னார்குடி வாசகர்: கீறலுக்குப் பற்பசை தடவினால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

சில சமயம் உண்மை, ஆனால் கடைசி வழி. தட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர்; அதில் ஏறத்தாழ முழுவதும் தெளிந்த பிளாஸ்டிக். லேசர் ஒளி அதைக் கடந்து உள்ளேதான் குவிகிறது. அடிப்பக்கத்துக் கீறல் ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர, பாட்டைத் தொடவில்லை. வெள்ளைப் பற்பசை கீறலின் விளிம்புகளைத் தேய்த்து மழுக்குகிறது, அவ்வளவுதான். அதையும் மையத்திலிருந்து ஓரத்துக்கே தேய்க்க வேண்டும். பிறகு நன்றாக அலச வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, படம் அச்சிட்ட பக்கத்தைத் தரையில் உரச விடுகிறார்கள். உயிர் இருப்பது அந்த மேல் பக்கத்தில்தான்! அச்சுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் கீழே உடனே அலுமினியப் படலம்; பாட்டு அதில் இருக்கிறது. மேல் பக்கம் ஆழமாகக் கீறினால் எந்தப் பசையும் காப்பாற்றாது. பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நாகப்பட்டினம் வாசகி: பெட்டியைவிட்டு எடுக்காத சிடிகள்கூடப் பாட மறுக்கின்றன. கீறலே இல்லை. ஓரம் மட்டும் மங்கலாக இருக்கிறது.

அம்மா, அந்தத் தட்டுகளில் ஒன்றை அச்சுப் பக்கம் உங்களைப் பார்க்க டியூப் லைட்டுக்கு முன் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அந்த இடங்களில் அலுமினியம் அரித்துப்போய்விட்டது. அரக்குப் பூச்சு ஓரத்தில் சரியாக மூடாத தட்டுகளில் ஈரம் உள்ளே இறங்கி உலோகத்தை அரிக்கிறது. உங்கள் ஊரின் உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குத் துணை. அரிப்பு ஓரத்திலிருந்து தொடங்குவதால் முதலில் போவது கடைசிப் பாடல்கள். முதல் பாடல்கள் இன்னும் ஓடக்கூடும்.

போன அலுமினியத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஓடும் பாடல்களை இந்த வாரமே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். மற்ற தட்டுகளைத் தரையோடு ஒட்டிய அலமாரியிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வெளிச்சுவரில் சாய்ந்த அலமாரி வேண்டாம். பூச்சிக்காகப் போடும் பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சிடிப் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வேதாரண்யம் வாசகர்: 2018 கஜா புயலில் ஓடு பறந்து, சிடிப் பெட்டிகள் எல்லாம் சேற்றில் கிடந்தன. தூக்கிப்போட மனம் இல்லாமல் மூட்டையாகக் கட்டி வைத்தேன். உறைத்தாள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்கலாமா?

இழுத்துப் பிரிக்காதீர்கள். தாள் ஒட்டியிருப்பது அச்சுப் பக்கத்தில். அதோடு அரக்கும் அலுமினியமும் உரிந்து வந்தால் கதை முடிந்தது. பெட்டியைத் திறந்து, தட்டைத் தாளோடு சேர்த்தே நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். தாள் தானாக நழுவும்வரை பொறுங்கள். நழுவாவிட்டால் தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவிடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். மிஞ்சிய தாள் நாரை நனைந்த விரல் நுனியால் உருட்டி எடுங்கள். காய்ந்த சேற்றுக்கும் இதேதான். ஊறி உதிர வேண்டும். இத்தனை வருடம் கழித்தா என்று தயங்க வேண்டாம். சேற்றில் கிடந்த தட்டு ஒழுங்காகப் பாடியதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். பாடியதும் முதல் வேலையாக நகல் எடுங்கள். ஓர் எச்சரிக்கை: முற்றிலும் உலராத தட்டைப் பிளேயருக்குள் போடவே கூடாது.

பாபநாசம் வாசகர்: எந்த சிடி போட்டாலும் 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. கடையில் லென்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டாலே எனக்குப் பொறுக்காது. லென்ஸ் அழுக்காவது வேறு, லேசர் தேய்வது வேறு. உங்கள் ஊரில் தை, மாசியில் சம்பா அறுவடை. வைக்கோல் தூசி ஜன்னல் வழியே வராத வீடு உண்டா? கொசுவத்திப் புகையும் சேர்ந்து அந்தக் கடுகளவு லென்ஸின்மேல் படலமாகப் படிந்துவிடும். இதற்கு வைத்தியம் பத்து நிமிட வேலை.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சிடியின் லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். மின்சாரத்தோடு மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. மேலே திறக்கும் பிளேயர் என்றால் லென்ஸ் நேரே தெரியும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்னும் அளவில் லென்ஸின்மேல் மெதுவாக ஒரு வட்டம். லென்ஸ் நுண்ணிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அமுங்கும், அதிகம் அமுக்கினால் கோணிவிடும். தட்டைத் தள்ளி உள்ளே அனுப்பும் வகை என்றால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

துடைத்த பிறகு முதல் பாட்டு ஓடி, கடைசிப் பாட்டுகள் மட்டும் திணறினால் லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். லேசருக்கு மின்சாரத்தைக் கூட்டும் சின்னத் திருகைத் திருகித் தற்காலிகமாக ஓட வைக்கிறவர்கள் உண்டு. அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆயுள் சீக்கிரம் கரைந்துபோகும். இவ்வளவும் பார்த்தும் நல்ல கம்பெனி சிடியைக்கூடப் படிக்கவில்லையென்றால், அப்போது புது லென்ஸ் வாங்கலாம்.

மயிலாடுதுறை வாசகி: மகளின் அரங்கேற்றக் கச்சேரியை 2004இல் ஒருவர் சிடியில் எழுதிக் கொடுத்தார். இப்போது எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. வேறு பிரதி இல்லை.

கடைகளில் வாங்கும் பாட்டு சிடியில் பதிவு என்பது அச்சில் அழுத்திய பள்ளங்கள். வீட்டில் எழுதியதில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப் பூச்சை லேசரால் சுட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். அந்தச் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். அதனால் தட்டை இனி வெளிச்சத்தில் வைக்காதீர்கள். மேலே பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள்; சாயமும் கூட வந்துவிடும்.

பிளேயர் கைவிட்டாலும் கணினியின் டிவிடி டிரைவ் படிக்கக்கூடும். ஒன்றில் முடியாவிட்டால் வேறு கம்பெனி டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பது சாதாரணம். எழுதிய டிரைவே யாரிடமாவது இருந்தால் அதுவே முதல் தேர்வு, ஏனென்றால் எழுதி முடித்துப் பூட்டாமல் விட்ட தட்டை மற்றவை அடையாளம் காணாமல் போகலாம். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற மென்பொருள் படிக்கச் சிரமமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் நிறுத்தாதீர்கள்.

எடுத்ததை எம்.பி.3 ஆகச் சுருக்காமல் 'ஃப்ளாக்' வடிவில் வையுங்கள்; ஒலியில் எதுவும் குறையாது, இடமும் ஏறத்தாழப் பாதிதான் பிடிக்கும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று மகளின் வீட்டில் இருக்கட்டும். மகளின் முதல் கச்சேரி, அம்மா. உள்ளூரில் முடியாவிட்டால் விட்டுவிடாதீர்கள், மறுபடி எழுதுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: மழை நாளில் ஏசி அறையிலிருந்து பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் ஓடுவதில்லை. மாலையில் ஓடுகிறது.

குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டு ஆவி படிகிறது. ஓரிரு மணி நேரம் சும்மா விடுங்கள். செலவு செய்ய வேண்டாம்.

பட்டுக்கோட்டை வாசகர்: நண்பர் நூறு பாட்டு எழுதிக் கொடுத்த சிடி அவர் காரில் ஓடுகிறது. என் அப்பா வைத்திருந்த பழைய பிளேயரில் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது.

நூறு பாட்டு என்றாலே அது எம்.பி.3 தட்டு. அப்பாவின் பிளேயர் அந்த வடிவம் பரவுவதற்கு முன்பு செய்ததாக இருக்கும். அதற்கு அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. தட்டிலும் பிளேயரிலும் பழுது இல்லை. பிடித்த பாடல்களை எண்பது நிமிடத்துக்குள் தேர்ந்தெடுத்து, மென்பொருளில் 'ஆடியோ சிடி' என்ற வகையைக் குறித்து எழுதச் சொல்லுங்கள். அழித்து எழுதும் ரகத் தட்டு வேண்டாம், ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் அதைப் பழைய பிளேயர்கள் பல படிப்பதில்லை. ஒருமுறை மட்டும் எழுதும் தட்டை வாங்குங்கள்.