பட்டனை அமுக்கினால் ‘கிளிக்’ மட்டும்: ஸ்டியரிங் லாக், புஷ் ஸ்டார்ட் கேள்வி பதில்

ஹட்டனில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் மலையக ரோடுகளில் ஓடும் புஷ் ஸ்டார்ட் (சாவியைத் திருகாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும்) கார்களில் நிறைய பத்து வயதைத் தாண்டியவை. வந்த கேள்விகளும் அந்த வயதுக்குரியவைதான்.

கொட்டகலையிலிருந்து: அண்ணே, என்னுடையது 2013 டொயோட்டா அக்ஸியோ. ஒரு வாரமாகக் காலையில் பட்டனை அமுக்கினால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு லைட் மங்கிப்போகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டியரிங் லாக் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றவா?

கழற்றாதீர்கள் தம்பி. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. லாக் கெட்டால் லைட் ஏன் மங்க வேண்டும்? வெயில் பட்டதும் ஏன் சரியாக வேண்டும்? குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறையும். வயதான பேட்டரி முதலில் காலையில்தான் காட்டிக்கொடுக்கும்.

லாக் மீது ஏன் பழி விழுகிறது என்றால், வேலை நடக்கும் வரிசை அப்படி. பட்டனை அமுக்கியதும் கார் சாவியைக் கூப்பிடுகிறது. சாவி பதில் சொன்னதும் லாக்கின் குட்டி மோட்டார் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கட்டையை இழுக்கிறது. ‘திறந்துவிட்டேன்’ என்று லாக் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். நடுவில் வோல்ட் சரிந்தால் அந்தச் செய்தி வராது. ஸ்கேனரைப் போட்டால் லாக்கின் பெயரில் கோளாறு கோட் நிற்கும். கோட்டைப் பார்த்தவர் லாக்கைக் கழற்றுவார்.

நீங்களே பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் வோல்ட் மீட்டரை பேட்டரி டெர்மினலில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரை எடுக்காமல், வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 10க்கு மேல் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 9, 8 என்று சரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி தாங்கியும் வேலை நடக்கவில்லையா? மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறு முனை எஞ்சின் இரும்பில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு காரில் லாக்கின் போல்ட்டை டிரில் போட்டு எடுத்து, புது லாக்கும் மாட்டினேன். அதே ‘கிளிக்’. எர்த் வயரின் முனையில் இருக்கும் வளையத்தைத் தொட்டால் பச்சையாகப் பூத்து, கையோடு உதிர்ந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

நுவரெலியாவிலிருந்து: வீட்டு ஏற்றத்தில் முன் டயரைக் கல்லுக்குத் திருப்பி நிறுத்துவேன். சில நாள் ஸ்டியரிங் அசையாது, பட்டனில் பச்சை லைட் விட்டுவிட்டு எரியும். எப்படியோ பிறகு ஸ்டார்ட் ஆகும். என்ன கோளாறு?

கோளாறு இல்லை அக்கா. டொயோட்டா என்றால் விட்டுவிட்டு எரியும் பச்சைக்கு ‘ஸ்டியரிங் விடுபடவில்லை’ என்று அர்த்தம். மஞ்சள் அப்படி எரிந்தால்தான் சிஸ்டத்தில் கோளாறு. காரின் பாரம் டயர் வழியாக ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டே இருப்பதால் கட்டை இறுகி நிற்கிறது, அந்தக் குட்டி மோட்டாரால் இழுக்க முடிவதில்லை. இடது கையால் ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி நிற்கும், மறு பக்கம் ஒரு நூல் விட்டுக்கொடுக்கும். அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே பட்டனை அமுக்கினால் ‘ட்ர்ர்க்’ என்று விடும். டயரைத் திருப்பி நிறுத்தும் பழக்கத்தை விடாதீர்கள், நம் ஏற்றங்களில் அது வேண்டும். ஹேண்ட்பிரேக்கை முதலில் இழுத்து, பாரம் அதில் நின்ற பிறகு கியரை P-யில் போடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: வேகன் ஆர். சாவி பேட்டரி புதிது, கார் பேட்டரியும் புதிது. பட்டனை அமுக்கினால் ரேடியோ வருகிறது, எஞ்சின் வரவில்லை. முந்தின நாள் பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் லைட் எரியவில்லை என்று கத்தினார்.

அந்த பஸ்காரருக்கு ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுங்கள். பிரேக் மிதித்தது காருக்குத் தெரியவில்லை. பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்சையும் அதன் பியூஸையும் பாருங்கள்.

பண்டாரவளையிலிருந்து: சில இடங்களில் மட்டும் ‘சாவி இல்லை’ என்கிறது. பையில்தான் இருக்கிறது.

ஃபோனும் சாவியும் ஒரே பையிலா? பிரியுங்கள். டவர் பக்கத்திலும் சிக்னல் குழம்பும். சாவி பேட்டரி செத்தே போனாலும் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கும் சிப்புக்குத் தனியாக பேட்டரி தேவையில்லை. சில கார்களில் அதற்கென்று வேறு இடம் இருக்கும், புத்தகத்தில் பாருங்கள்.

கினிகத்தேனையிலிருந்து: இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து விடலாமா? ஸ்டியரிங் லாக் விழுமா?

ஓடும்போது லாக் விழாத மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். பயம் அதில் இல்லை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும். அந்த வளைவுகளில் எதிரே கொழுந்து லொறி வந்தால் என்ன செய்வீர்கள்? கியரில் விட்டே இறங்குங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் தாமாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நீங்கள் தேடும் மிச்சம் அதிலேயே இருக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து: எல்லாம் பார்த்தாயிற்று, லாக்தான். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில் பழையது ஒன்று வாங்கலாமா?

லாக்கின் பிளக்கில் 12 வோல்ட்டும் எர்த்தும் வருகிறது, பட்டனை அமுக்கும்போது மோட்டார் சத்தமே இல்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் ஒரு தடவை வேலை செய்கிறது: இவ்வளவும் இருந்தால் லாக்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு காரின் லாக்கை மாட்டியதும் உங்கள் கார் அதை ஏற்காது. கம்ப்யூட்டரில் கோட் போட்டு அதைக் காருக்குப் பழக்க வேண்டும், இருக்கும் எல்லாச் சாவிகளும் கையில் வேண்டும். கோட் போடுபவரிடம் பார்ட் நம்பரைச் சொல்லி, முடியும் என்று அவர் சொன்ன பிறகு காசு கொடுங்கள். ஃபோனில் இணைக்கும் மலிவு ஸ்கேனரில் ‘கோளாறு கோட் இல்லை’ என்று வந்ததை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் P-யில் தொடங்கும் எஞ்சின் கோட்களைத்தான் படிக்கும், லாக்கின் கோட்கள் B-யில் தொடங்கும்.