காலி செய்தவர்களை நீக்குவது பற்றி

வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாடகைதாரர்கள் இன்னும் உங்கள் குடியிருப்புச் செயலியில் இருக்கிறார்கள், எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கைப் போன் நம்பரோடு மட்டும் கட்டி வைத்திருப்பதால்தான் இந்தத் தொல்லை. செயலியின் தரவுத்தளத்தில் ஆட்கள் எல்லோருக்குமாக ஒரு அட்டவணை, வீடுகள் எல்லாவற்றுக்குமாக ஒன்று, யார் எந்த வீட்டில் என்று இரண்டையும் இணைக்க ஒன்று என வையுங்கள். மூன்றாவதில் உரிமையாளரா வாடகைதாரரா, குடிவந்த தேதி, காலி செய்த தேதி இருக்கட்டும். செயலி அந்தத் தேதியைப் பார்த்தே அனுமதி தரும்படி வைத்தால், காலி செய்த தேதி வந்ததும் அனுமதி தானாகப் போய்விடும். அவர் எழுதிய பழைய பதிவுகள் அப்படியே நிற்கும்.

புதிதாக வருபவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று உறுதிசெய்ய, அக்கம்பக்கத்தாருக்கான சமூக வலைத்தளமான நெக்ஸ்ட்டோரில் இருப்பதுபோல, ரகசிய எண்ணை வீட்டு முகவரிக்கே கடிதமாக அனுப்பலாம். ஒரே கட்டடம் என்றால் தபால் பெட்டியில் நீங்களே போட்டுவிடலாம்.

அப்புறம், கதவு எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் காட்டாதீர்கள். ‘பத்து நாள் ஊரில் இல்லை, பார்சல் வந்தால் வாங்கி வையுங்கள்’ என்று ஒருவர் எழுதினால் போதும், பூட்டிய வீடு எது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.