வாசகர் கேள்வி – பதில்: எம்.பி. பேசினார், சரி, வாக்களித்தாரா?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் பேசும் காணொளிகள் வாரம் தவறாமல் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று எந்தக் காணொளியிலும் இல்லை. அதை எங்கே பார்ப்பது?
– பள்ளி ஆசிரியை, தென்காசி

பதில்: டெல்லியில் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே என்னை உறுத்திய விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கி ஒலித்தது என்று அவைத்தலைவர் தீர்மானித்து அறிவிக்கிறார். அத்தோடு முடிந்தது. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை.

அந்த முடிவை ஏற்காத உறுப்பினர் எழுந்து ‘டிவிஷன்’, அதாவது ஒவ்வொருவர் வாக்கும் பெயருடன் பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டால் கதை மாறும். மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். நூலகத்திலும் உணவகத்திலும் இருப்பவர்கள் விரைந்து வருவார்கள். கதவுகள் சாத்தப்படும். ஒவ்வொருவரும் தம் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்துவார்கள்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். பலகையில் தெரியும் எண்ணிக்கை ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்றே அறிவிக்கப்படும். பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். 2024 டிசம்பர் 17 அன்று ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதாவை அறிமுகப்படுத்த மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. முதலில் பலகையில் வந்தது 220–149. சீட்டுகளைச் சேர்த்தபின் அவையில் அறிவிக்கப்பட்ட முடிவு 269–198.

நீங்கள் தேட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. டிவிஷன் நடந்தால் அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பில் பெயர்ப் பட்டியல் முழுவதும் அச்சாகிவிடும். முதலில் ஆதரித்தவர்கள், அடுத்து எதிர்த்தவர்கள். சில பெயர்களை ஒட்டி நட்சத்திரக் குறி இருக்கும். சீட்டு மூலம் வாக்களித்தார் என்று அடிக்குறிப்பு சொல்லும். நாடாளுமன்ற இணையதளத்தில் விவாதங்கள் பகுதிக்குப் போய்த் தேதியைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் பட்டியல் கட்டாயம் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு உண்டா என்று எண்ணியாக வேண்டுமே. 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454–2 என்று நிறைவேறியது. அந்த இருவர் யார் என்பது நாடறிந்த செய்தி.

இனி, பட்டியலே இல்லாத நாள் ஒன்றைச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 20, மாநிலங்களவை, வேளாண் மசோதாக்கள். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவையை நடத்திய துணைத் தலைவர் தரப்பு விளக்கம். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் டெல்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் விவாதம் இன்றி நிறைவேறியது. அதுவும் குரல் வாக்கெடுப்புத்தான். மாநிலங்களவையில் அந்தச் சட்டங்களை யார் பெயர் சொல்லி ஆதரித்தார்கள் என்று உங்கள் வகுப்பு மாணவி நாளை கேட்டால், அவளுக்குக் காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் பெயர்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு அவைத்தலைவரின் விருப்பம் குறுக்கே வரக் கூடாது.

கேள்வி: வெளிநடப்பு செய்தால் எதிர்ப்பைக் காட்டியதாகத்தானே பொருள்?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: இல்லை ஐயா. சாதாரண மசோதா நிறைவேற, அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். எதிர்ப்பவர் வெளியே போனால், ஆதரிப்பவருக்குத் தேவையான எண்ணிக்கைதான் குறைகிறது.

2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா 99–84 என்று நிறைவேறியது. வித்தியாசம் 15. மசோதாவை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்பு செய்திருந்தன. அன்று அ.தி.மு.க.வுக்கு 11 பேர், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். கூட்டிப் பாருங்கள். இத்தனைக்கும் ஐந்து நாட்களுக்கு முன்னால் மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் ஓ.பி. ரவீந்திரநாத் குமார் அதே மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார். ஒரு கட்சி ஒரு வாரத்துக்குள் ஆதரித்துப் பேசிவிட்டது, எதிர்த்துப் பேசிவிட்டது, மசோதா நிறைவேற வழியும் விட்டுவிட்டது. ஊர்க் கூட்டத்தில் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: கொறடா உத்தரவு போட்டால் கட்சி சொன்னபடிதான் கை தூக்க வேண்டும். பிறகு தனி எம்.பி.யின் வாக்கை ஆராய்ந்து என்ன பயன்?
– ஓய்வு பெற்ற தபால்துறை ஊழியர், மயிலாடுதுறை

பதில்: நியாயமான கேள்வி. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போய்விடலாம்; கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்தால் தப்பலாம். உத்தரவை ஆட்சியின் உயிர்நாடியான வாக்கெடுப்புகளுக்கும், மக்களிடம் வாக்குறுதி கொடுத்த முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்று உச்ச நீதிமன்றம் 1992-இல் சொன்னது. கட்சிகள் காதில் வாங்கவில்லை.

அதனால்தான் கட்சியின் வாக்கையும் கட்சியின் பேச்சையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எந்தக் கட்சியையும் இதில் விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

2012-இல் சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டைத் தி.மு.க. எதிர்த்தது. எதிர்ப்பை வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் டிசம்பர் 5 அன்று மக்களவையில் அதை எதிர்க்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தி.மு.க. உறுப்பினர்கள் அரசின் பக்கம் வாக்களித்தார்கள். தீர்மானம் 218–253 என்று தோற்றது. ஆட்சி கவிழ்ந்து பாரதிய ஜனதாவுக்கு வழி பிறந்துவிடக் கூடாது என்பது கட்சித் தலைமை சொன்ன காரணம். காரணத்தை முன்கூட்டியே சொன்னார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் ஊர்க் கடைவீதிக்குக் கிடைத்தது அறிக்கை; அரசுக்குக் கிடைத்தது வாக்கு.

2019 டிசம்பர் 11 இன்னும் கனமான நாள். குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125–105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் உண்டு. அந்த 12 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் கணக்கு 113–117. மசோதா அங்கேயே விழுந்திருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கான அ.தி.மு.க. அறிக்கையில், அதே சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்ற வாக்குறுதி இருந்தது. தடுக்கும் வலிமை கையில் இருந்த நாளில் ஆதரித்துவிட்டு, வலிமை இல்லாத நாளில் வலியுறுத்துவதாகச் சொன்னதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

காங்கிரஸ் மட்டும் என்ன? 2019 ஆகஸ்ட் 2 அன்று, தனிநபரையே பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தது. அந்தப் பிரிவைக் கண்டித்துப் பேசினார்கள். மசோதாவை விரிவாக ஆராய எம்.பி.க்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கை தோற்றதும் மசோதாவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். 147–42.

தனி எம்.பி.யால் ஒன்றுமே முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா), 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டும் அவர் அசையவில்லை. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் பின்னர் அரசே ஒரு மசோதாவுடன் வர வேண்டியிருந்தது. அந்த அரசு மசோதாவில் குறைகள் பல. அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் எம்.பி.க்கு வருகைப் பதிவு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாராட்டலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

பதில்: வந்ததற்குப் பாராட்டலாம். அன்று வந்தார் என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்லும். மணி ஒலித்தபோது உள்ளே இருந்தாரா என்பதைச் சொல்லாது. சுவரொட்டியில் அதற்கும் இடம் இருக்கிறது.

கேள்வி: தேர்தல் இல்லாத நேரத்தில் என்னைப் போன்ற முதல்முறை வாக்காளர் எம்.பி.யிடம் என்ன கேட்கலாம்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: கடிதமே எழுதம்மா. பொதுவாக ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் குடிநீர்த் தொட்டி, நிழற்குடை என்று பதில் வரும். அவையும் வேண்டியவைதான், ஆனால் நீ கேட்பது சட்டமியற்றுபவரின் வேலையைப் பற்றி. அதனால் ஒரு மசோதாவின் பெயரையும் தேதியையும் குறிப்பிடு. அன்று வாக்களித்தாரா, எந்தப் பக்கம், கட்சி உத்தரவு இருந்ததா, வெளியே போயிருந்தால் ஏன், குரல் வாக்கெடுப்பு என்றால் டிவிஷன் கேட்டாரா என்று எழுது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் இந்த விவரங்களைத் தமிழில் ஒரு பக்கமாக வெளியிடும்படியும் கேள். காணொளி வெட்டி ஒட்டுவதற்கு ஆள் வைத்திருக்கும் அலுவலகத்தால் இதையும் செய்ய முடியும்.

பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. எந்தக் கட்சி எம்.பி.யாக இருந்தாலும், ஒரு வரியும் வெட்டாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.